குடும்ப மருத்துவர் என்பவர் யார்? – ஓய்வுக்குப் பின் தொடங்கிய ஓர் இரண்டாம் பணி

சென்ற ஆண்டு மாம்பழப் பருவம் முடியும் தறுவாயில், நாகரசம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து 62 வயது அம்மையார் ஒருவர் என்னுடைய புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். விடியற்காலையில் தலை சுற்றுகிறது, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது, சில நாள்களில் என்ன பேசுகிறோம் என்பதே தெரிவதில்லை என்றார். பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. இசிஜி எடுத்தேன், எக்கோ எடுத்தேன், தலைக்கு ஸ்கேன் எழுதினேன். எல்லாம் சரியாகவே இருந்தன. இரத்தச் சர்க்கரை 170. அவர் என்னிடம் வந்து சேர்ந்த நேரம் முற்பகல் 11 மணி. அதற்குள் பேருந்து நிலையத்தில் இட்லியும் காபியும் ஆகியிருந்தன. மறுமுறை வந்தபோது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் அவருடைய மகன், அம்மாவை அழைத்து வருவதற்காக இரண்டு நாள் கூலியை இழந்தார்.

மூன்றாவது வாரத்தில் அவருடைய தொல்லைக்குக் காரணம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவன் நான் அல்லேன். முதுநிலைப் படிப்பில் எனக்கு ஆசிரியராக இருந்து, மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக ஓய்வு பெற்று, இப்போது நாகரசம்பட்டியில் மாலை வேளைகளில் குடும்ப மருத்துவராக அமர்ந்திருக்கும் பெரியவர் அவர். பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆசிரியர் என்றே இங்குக் குறிப்பிடுகிறேன். "வீட்டில இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்து வாங்கம்மா" என்று அவர் சொல்ல, அம்மையார் மஞ்சப்பை நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டு வந்து மேசையில் கொட்டினார். மகள் வீட்டுக்குப் பெங்களூரு போயிருந்தபோது அங்கொரு மருத்துவர் எழுதியவை சில. உள்ளூரில் வாங்கியவை சில. நான் எழுதியவை சில. அவற்றுள் இரண்டு அட்டைகளின் பெயர்கள் வேறு வேறு, நிறம் வேறு, விலை வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே: கிளிமிபிரைடு. ஒன்று சர்க்கரைக்கு, மற்றொன்று கால் எரிச்சலுக்கு என்று அம்மையார் நினைத்திருந்தார்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து. நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இரட்டிப்பு அளவு உள்ளே போய், இரவு உணவும் குறைந்துவிட்டால், விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், குழப்பம் எல்லாம் அதன் விளைவுகள். கவனிக்காமல் விட்டால் நினைவிழப்பும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிரியர் அன்றிரவே தொலைபேசியில் என்னை அழைத்தார். கடிந்துகொள்ளவில்லை. "பையைப் பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான், விடுமுறை கிடைக்கும் மாலைகளில் அவருடைய அறைக்குச் சென்று ஓரமாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். அங்கே கண்டவற்றையும், அதன் பின் நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றையும், இந்த மருத்துவமனைக்கு வந்துபோகும் நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்திருப்பது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

ஆயிரம் பேரில் ஒருவர்

நிபுணராக முப்பது ஆண்டு இருந்தவருக்குக் குடும்ப மருத்துவம் எளிதாகத்தானே இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை. முதல் ஓராண்டு தாம் தடுமாறியதாகவே சொன்னார். கல்லூரி மருத்துவமனையில் தாம் கண்ட நோய்கள் இங்கே வருவதில்லை. இங்கே வருபவை பல பாடநூலில் பெயரற்றவை என்றார்.

அவர் சொன்னதன் பொருளை விளக்க ஒரு பழைய ஆய்வு உதவும். 1961இல் அமெரிக்க மருத்துவர் கெர் ஒயிட்டும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டது அது. வயது வந்தோர் 1000 பேரை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் அவர்களுள் 750 பேருக்கு ஏதேனும் உடல்நலக் குறையோ காயமோ ஏற்படுகிறது. மருத்துவரிடம் போகிறவர்கள் 250 பேர். மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறவர்கள் 9 பேர். வேறொரு மருத்துவருக்குப் பரிந்துரைக்கப்படுகிறவர்கள் 5 பேர். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை போய்ச் சேருகிறவர் ஒரே ஒருவர். நாற்பது ஆண்டுகள் கழித்து 2001இல் வேறு சிலர் அமெரிக்காவில் மீண்டும் கணக்கெடுத்தபோதும் ஏறத்தாழ இதே வடிவம்தான் கிடைத்தது.

நாங்கள் படித்ததும் பயிற்சி பெற்றதும் அந்த ஒருவரைப் பார்த்துத்தான். மீதமுள்ள 249 பேரையும் அதே கண்ணோடு பார்த்தால் என்ன ஆகும்? கணக்காகவே பார்த்துவிடலாம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகக் காட்டிக்கொடுக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விடுவிக்கும் ஒரு பரிசோதனை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பரிசோதனை என்றே சொல்வோம். இதயப் பிரிவுக்கு அனுப்பப்பட்ட 1000 பேரில் 500 பேருக்கு உண்மையிலேயே நோய் இருந்தால், பரிசோதனை 450 பேரைச் சரியாகப் பிடிக்கும்; நோயில்லாத 500 பேரில் 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். 'நோய் உண்டு' என்று வந்த 500 முடிவுகளில் 450 மெய். அதே பரிசோதனையை ஊரில் நெஞ்சுப் பிடிப்பு என்று வரும் எல்லோருக்கும் செய்வோம். 1000 பேரில் 10 பேருக்கு மட்டும் நோய் என்றால், 9 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். நலமான 990 பேரில் 99 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். 'நோய் உண்டு' என்று வந்த 108 முடிவுகளில் 9தான் மெய். கருவி ஒன்றே, அதன் துல்லியமும் ஒன்றே. அது நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அந்த 99 பேரும் பிறகு எங்கே போவார்கள்? ஆஞ்சியோவுக்கு நாள் குறித்துக்கொண்டு, நகையை அடகு வைத்துக்கொண்டு, இரவெல்லாம் தூங்காமல் இருப்பார்கள். ஆகவே குடும்ப மருத்துவர் பரிசோதனை எழுதாமல் இருக்கும்போது, "இவருக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது" என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அவர் இந்தக் கணக்கைத்தான் மனத்துக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். நிபுணராக இருந்து இப்பணிக்கு வருகிறவர் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். ஒவ்வொரு தலைவலிக்குப் பின்னும் கட்டியைத் தேடும் பழக்கத்தை விட வேண்டும். ஆனால் கட்டியுள்ள அந்த ஒருவரைத் தவறவும் விடக்கூடாது. இரண்டையும் ஒருசேரச் செய்வது எளிதன்று.

காலமும் ஒரு கருவி

அப்படியானால் அந்த ஒருவரை எப்படிக் கண்டுகொள்வது? ஆசிரியரின் அறையில் நான் பார்த்த விடை: காத்திருந்து, மீண்டும் பார்த்து. காய்ச்சல் என்று ஒரு சிறுவன் வருகிறான். முதல் நாளில் சாதாரணக் காய்ச்சலும் டெங்குவும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆசிரியர் காய்ச்சல் தணியும் மருந்து கொடுத்து, நீர் நிறையக் குடிக்கச் சொல்லி, நாளை மாலை மறுபடி அழைத்து வரும்படி தாயிடம் சொன்னார். பிறகு அந்தத் தாய்க்கு அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்களே, அதாவது மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையே, ஆபத்தான காலம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதி கொள்ளக்கூடாது. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, சோர்ந்து துவண்டு கிடத்தல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அந்த நேரமே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

இந்த உரையாடலுக்கு ஏழெட்டு நிமிடம் ஆனது. வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். எங்கள் புறநோயாளர் பிரிவில் இப்படி ஏழெட்டு நிமிடம் பேசுவது அரிது. அதை நான் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

காலம் என்றால் ஓரிரு நாள் மட்டுமன்று; ஆண்டுகளும்தான். நார்வே நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதிவு செய்யப்பட்ட ஒரு பொது மருத்துவர் உண்டு. அங்கே ஏறத்தாழ 45 இலட்சம் பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து அண்மையில் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒரே மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டது. நீண்ட காலம் ஒருவரிடமே இருந்தவர்களிடையே அவசர மருத்துவமனைச் சேர்க்கை 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வு அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஆண்டுகள் கூடக்கூட வேறுபாடும் படிப்படியாகக் கூடிச் சென்றதைப் புறந்தள்ளவும் முடியாது. நாம் இங்கே செய்வதென்ன? மூன்று நாளில் குணமாகவில்லை என்றால் மருத்துவரை மாற்றுகிறோம். முதல் மருத்துவர் அறிந்துகொண்ட அனைத்தும் அங்கேயே நின்றுவிடுகிறது.

தண்ணீர், தூசி, இரவுப் பணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குடும்ப மருத்துவராக இருப்பவருக்கு வேறு எவ்வூரிலும் அவ்வளவாகத் தேவைப்படாத சில அறிவு தேவைப்படுகிறது. முதலாவது, தண்ணீர். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பாறைக்கடியிலிருந்து வரும் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. பல்லாண்டுகள் மிகுதியாகக் குடித்தால் சிறுவர்களின் பற்களில் பழுப்புக் கறையும், பெரியவர்களின் முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் இறுக்கமும் வலியும் உண்டாகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008இல் தொடங்கப்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்ததே இதை முன்னிட்டுத்தான். ஆயினும் இளமையில் குடித்த தண்ணீர் எலும்பில் தங்கியிருக்கிறது. குனிய முடியவில்லை என்று வரும் முதியவரிடம், "சின்ன வயசில எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சீங்க?" என்று ஆசிரியர் கேட்டதைக் கேட்டு நான் வியந்தேன். ஒரு செய்தி: தண்ணீரைக் காய்ச்சினால் கிருமிகள் சாகும்; ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அது செறிவு கூடவே செய்யும்.

இரண்டாவது, தூசி. இம்மாவட்டம் கிரானைட் கற்களுக்குப் பெயர் பெற்றது. கல் அறுப்பதிலும் மெருகேற்றுவதிலும் ஆண்டுக்கணக்கில் இருந்தவரின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து தழும்பாகும். எக்ஸ்ரேயில் அது காசநோய் போலவே தெரியலாம். அதுவன்றி, சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றவும் செய்யும். இரண்டையும் பிரித்தறிய முதலில் வேண்டியது, "என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை ஆண்டு?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால் ஸ்கேன் மட்டும் பெரிதாக உதவாது.

மூன்றாவது, இரவுப் பணி. ஓசூர்த் தொழிற்பேட்டை 1970களில் உருவானது முதல் இப்பகுதிக் குடும்பங்களின் உணவு நேரமும் உறக்க நேரமும் சுழற்சிமுறைப் பணியோடு சேர்ந்து சுழல்கின்றன. "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று நாங்கள் மருந்துச்சீட்டில் எழுதிவிடுகிறோம். இரவு முழுதும் விழித்து, காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுப்பவருக்குக் காலை எது, இரவு எது? சர்க்கரை மாத்திரைகளுள் பலவும் இன்சுலின் வகைகளுள் சிலவும் கடிகாரத்தோடு ஒட்டியவை அல்ல, சாப்பாட்டோடு ஒட்டியவை. பணிமுறை மாறும் வாரங்களில் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். மாம்பழத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். கிருஷ்ணகிரியில் வாழ்ந்துகொண்டு மாம்பழமே தொடாதீர்கள் என்பது யாரும் பின்பற்றாத அறிவுரை. எவ்வளவு, எப்போது என்று பேசித் தீர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்தது.

முன்னே நடந்தவர்கள்

பேராசிரியர் ஒருவர் ஓய்வுக்குப் பின் குடும்பங்களை நாடிச் செல்வது நம் மாநிலத்துக்குப் புதிதன்று. சென்னையில் மருத்துவப் பேராசிரியராகப் புகழ்பெற்றிருந்த டாக்டர் கே.எஸ். சஞ்சீவி (1903–1994) தம் பணிக்காலத்தின் பின் அதைத்தான் செய்தார். தன்னார்வ சுகாதார சேவை என்று பொருள்படும் வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்ற நிறுவனத்தை அவர் 1958இல் தொடங்கினார்; இன்றும் தரமணியில் அது வி.எச்.எஸ். மருத்துவமனை என்று அறியப்படுகிறது. அங்கே அவர் கொண்டுவந்த ஏற்பாட்டில் தனிமனிதர் அல்லர், குடும்பமே உறுப்பினர். வருவாய்க்கு ஏற்றபடி சந்தா. ஊரகப் பகுதிகளில் சுமார் 5000 பேருக்கு ஒன்று என்ற அளவில் சிறு சுகாதார மையங்கள். நோய் வந்தபின் கட்டிலில் பார்ப்பதை விட, வருமுன் வீட்டில் பார்ப்பது மலிவு, மேலானது என்பது அவர் கொண்ட உறுதி. தனியார் மருத்துவத்தில் பெரும்பொருள் ஈட்டியிருக்கக்கூடிய ஒருவர் 55 வயதில் இப்படித் திரும்பினார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

வெளிநாட்டில் திருப்பம் எதிர்த்திசையில் நடந்தது. அங்கே ஊர் மருத்துவர் பேராசிரியரானார். உலகிலேயே முதன்முதலாகப் பொது மருத்துவப் பணிக்கென ஒரு பேராசிரியர் இருக்கை 1963இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஏற்பட்டது. இங்கிலாந்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு நகரில் ஊர் மருத்துவராக இருந்த இயன் மெக்வின்னி, நோய்கள் தலைகாட்டும் தொடக்க அறிகுறிகளைப் பற்றி 1964இல் நூல் எழுதினார். 1968இல் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் அந்நாட்டின் முதல் குடும்ப மருத்துவப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டி. மருத்துவமனை வாசலுக்கு வருமுன் நோய் எப்படி இருக்கும் என்பதை ஊர் மருத்துவரே அறிவார். எனவே அதைக் கற்பிக்க வேண்டியவரும் அவரே என்ற எண்ணம் அவருடைய வாழ்நாள் பணியின் அடிப்படையாக இருந்தது.

நம் நாட்டிலும் குடும்ப மருத்துவம் முறையாகக் கற்கக்கூடிய துறையே. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. குடும்ப மருத்துவம் மூன்றாண்டுப் படிப்பு. ஒரு சில கல்லூரிகளில் எம்.டி. பட்டமும் உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கென்று இரண்டாண்டு தொலைநிலைப் பட்டயப் படிப்பை நடத்திவருகிறது. குறைவாகப் பரிந்துரை செய், மிகுதியாகத் தீர்த்துவை என்பது அதன் நோக்கு. என் ஆசிரியர் அறுபதைக் கடந்தபின் இத்தகைய பாடங்களை எடுத்து வைத்துக்கொண்டு, தம் முன்னாள் மாணவர்களின் வயதுள்ளோருடன் வகுப்பில் அமர்ந்தார். தோல் நோய், குழந்தைகளின் வளர்ச்சி, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு ஆகியவற்றைத் தாம் எவ்வளவு மறந்திருந்தோம் என்று கண்டு வெட்கப்பட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஓய்வு பெற்ற நிபுணர் ஊரில் அமர்ந்து பெயர்ப்பலகை மாட்டினால் மட்டும் குடும்ப மருத்துவர் ஆகிவிடுவதில்லை. இதய நிபுணர் வீதி முனைக்கு வந்து எல்லோருக்கும் எக்கோ எழுதினால், முன்னே சொன்ன 99 பேரின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே. மாறாக, எம்.பி.பி.எஸ். மட்டும் முடித்து முப்பது ஆண்டுகளாக ஓர் ஊரையே அறிந்திருக்கும் மருத்துவர் என்னைவிட நல்ல குடும்ப மருத்துவராக இருக்கக்கூடும். சுவரில் தொங்கும் பட்டங்களின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

மாணவர் உடன் இருக்கலாமா?

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 கல்லூரிகளுள் ஒன்று. மருத்துவக் கல்லூரிகளில் 70 வயது வரை ஆசிரியராகப் பணியாற்ற விதி இடமளிப்பதால், ஓய்வு பெற்றவர்களின் அனுபவம் வகுப்பறைக்கும் மீண்டும் வந்து சேர வழியுண்டு. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டம் இப்போது குடும்பத் தத்தெடுப்பு என்ற ஒரு பயிற்சியையும் கட்டாயமாக்கியிருக்கிறது. முதலாமாண்டு முதலே ஒவ்வொரு மாணவரும் ஊர்ப்புறத்தில் குறைந்தது மூன்று குடும்பங்களோடு தொடர்பு கொண்டு, ஆண்டுதோறும் அவர்களுடைய நலத்தைக் கவனித்துவர வேண்டும். நான் படித்த காலத்தில் இது இல்லை. ஒரே நோயாளியை மூன்றாண்டு தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பே எனக்குக் கிடைத்ததில்லை. வார்டில் நான்கு நாள் பார்ப்போம், வீட்டுக்குப் போய்விடுவார், அப்புறம் என்ன ஆனார் என்பது தெரியாது.

ஆகவே வெள்ளை மேலங்கி அணிந்த இளைஞர் ஒருவர் உங்கள் வாசலுக்கு வந்து இரத்த அழுத்தம் பார்க்கட்டுமா என்று கேட்டால், அது உங்களுக்கு மட்டுமன்றி அவருக்கும் பாடம் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அவர் சொல்வதைக் கேட்டு மருந்தை மாற்ற வேண்டாம். அவர் இன்னும் மருத்துவர் அல்லர். ஆசிரியரின் அறையிலும் சில மாலைகளில் மாணவர்கள் அமர்ந்திருப்பதுண்டு. ஒவ்வொரு நோயாளியிடமும் அவர் முதலில் இசைவு கேட்கிறார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது. இது எங்கள் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

ஒருநாள் ஒரு மாணவி அவரிடம், "நோயே கண்டுபிடிக்காம அனுப்பிட்டீங்களே சார்?" என்று கேட்டாள். வந்தவர் வயிற்று வலி என்று சொன்ன நடுத்தர வயதுப் பெண். "கண்டுபிடிச்சேன்மா. அவங்க வீட்டுக்காரர் வேலையை விட்டு மூணு மாசம் ஆச்சு. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். வலி அப்பவும் இருந்தா ஸ்கேன் எடுப்போம்" என்றார். அவர் வியாழக்கிழமை வந்தார். வலி இருந்தது, ஸ்கேனில் பித்தப்பைக் கல் தெரிந்தது, அறுவைச் சிகிச்சைக்கு எங்களிடம் அனுப்பினார். மனக்கவலையும் கல்லும் ஒரே உடம்பில் ஒரே வாரத்தில் இருக்கலாம் என்பதை அந்த மாணவி எந்நாளும் மறக்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியவை

முதலில், எப்போது குடும்ப மருத்துவரிடம் போகக்கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வியர்வையோடு நெஞ்சை அழுத்தும் வலி, முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், பாம்புக்கடி, நினைவிழப்பு ஆகியவற்றுக்கு நேரே 108ஐ அழையுங்கள். பக்கவாதத்துக்கான இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். அந்த நேரத்தை எந்த அறையின் வாசலிலும் காத்திருந்து இழக்கக்கூடாது.

மற்ற எல்லாவற்றுக்கும், நடந்தோ ஒரு பேருந்திலோ போய்ச் சேரக்கூடிய தொலைவில் இருக்கும் ஒரு மருத்துவரைத் தேர்ந்துகொள்ளுங்கள். வந்தவரைப் பேசவிடுகிறாரா, முன்பு எழுதிய சீட்டைப் புரட்டிப் பார்க்கிறாரா, எப்போது திரும்பி வர வேண்டும் என்று சொல்கிறாரா, தமக்குத் தெரியாதபோது தெரியாது என்று ஒப்புக்கொண்டு உரியவரிடம் அனுப்புகிறாரா என்று கவனியுங்கள். தேர்ந்தபின் குடும்பம் முழுவதும் அவரிடமே போங்கள். வீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வாமை, செய்த அறுவைச் சிகிச்சைகள், உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். மாத்திரையின் விற்பனைப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் மருந்தின் மூலப்பெயர் இருக்கும்; அதையே எழுதுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் மருந்துக்கடைக்காரரிடமோ பேரப்பிள்ளையிடமோ கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. அதன்படி சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பேருந்துக்குக் காசில்லாமல் மருந்தை நிறுத்திவிட்டவர்கள் பலருக்கு இது பெரும் உதவி. அந்த மாத்திரைகளையும் பையில் சேர்த்தே உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் வாங்கியதும் அரசு கொடுத்ததும் ஒன்றாக இருக்கலாம்.

எங்களிடமிருந்து வீடு திரும்பும்போது ஒரு விடுவிப்பு அறிக்கை தருகிறோம். அதில் குடும்ப மருத்துவர் பெயர் என்று ஓர் இடம் உண்டு. பெரும்பாலோர் அதை வெற்றிடமாகவே விட்டுவிடுகிறார்கள். எங்கள் பணியாளர்களும் வற்புறுத்திக் கேட்பதில்லை. அதை நிரப்பித் தாருங்கள். நாங்கள் மாற்றிய மருந்துகளை அவருக்கு எழுதித் தெரிவிக்க முடியும். ஐயம் எழுந்தால் அவர் எங்களைத் தொலைபேசியில் கேட்க முடியும்.

அந்த அம்மையார் இப்போது நலமாக இருக்கிறார். பதினோரு அட்டைகள் ஐந்தாகிவிட்டன. விடியற்காலை வியர்வை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரையும் ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரகமும் கண்ணும் பார்க்க வேண்டும் என்று அவருடைய நோட்டில் எழுதியிருக்கிறது. போன மாதம் எதிர்பாராமல் என் புறநோயாளர் பிரிவுக்கு வந்தார். "எங்க டாக்டரு ஒரு தடவை உங்ககிட்டயும் காட்டிட்டு வரச் சொன்னாருங்க" என்று சொல்லி, நான் கேட்குமுன்பே மஞ்சப்பையை மேசைமேல் வைத்தார்.